தஹீதி வெனிலாவின் தனி மணம்

வெனிலா ஐஸ்கிரீமை ருசிக்காதவர்கள் குறைவு. அந்த மணத்தைத் தரும் காயைக் கண்ணால் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. அது ஓர் ஆர்க்கிட் கொடியின் காய். பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். இன்று சந்தையில் கொடிகட்டிப் பறப்பது மடகாஸ்கர் சரக்கு.

தென் பசிபிக்கின் தஹீதி வெனிலா கதையே வேறு. 1848இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி ஹமெலின் அங்கே கொடியைக் கொண்டுவந்தார். அதைத் தனி இனம் என்றே நெடுநாள் நம்பினார்கள். 2008இல் வெளியான மரபணு ஆய்வுதான் குட்டை உடைத்தது: வழக்கமான வெனிலாவுக்கும் ஒடொராட்டா என்ற காட்டு இனத்துக்கும் பிறந்த கலப்பினமாம் அது!

பூ ஒரே நாள்தான் மலர்ந்திருக்கும். அதற்குள் சிறு குச்சியால் ஒவ்வொரு பூவுக்கும் மகரந்தம் சேர்க்க வேண்டும். 1841இல் ரீயூனியன் தீவில் இந்த வித்தையைக் கண்டுபிடித்தவன் எட்மண்ட் என்ற 12 வயது அடிமைச் சிறுவன். உலகமே அவன் கைவித்தையில்தான் இன்றும் பிழைக்கிறது.

மற்ற வெனிலாக் காய்கள் முற்றினால் வெடித்துவிடும். தஹீதிக் காய் வெடிப்பதில்லை. அதனால் கொடியிலேயே பழுப்பேறும்வரை விடுகிறார்கள். தடித்த காய், ஈரப்பசை அதிகம். வெனிலின் என்ற மணப்பொருள் குறைவு என்றாலும் சோம்பை நினைவூட்டும் பூமணம் தூக்கலாக இருக்கும். இந்த வெனிலா விளையும் தாஹா தீவுக்கு ‘வெனிலாத் தீவு’ என்றே பெயர்.

வெனிலா என்றால் இனிப்பு மட்டும்தானா? தஹீதியில் மீனுக்கும் இறாலுக்கும் தேங்காய்ப்பாலோடு வெனிலா சேர்த்த குழம்பு ஊற்றுகிறார்கள். வாழைப்பழக் களியான ‘போயே’யிலும் அதுவே மணக்கும்.

காய் கிடைத்தால் நெடுநேரம் கொதிக்கவிடாதீர்கள், மணம் பறந்துவிடும். விதையைச் சுரண்டிய தோலைச் சர்க்கரை டப்பாவில் போட்டுவையுங்கள்.