பால்வெட்டு நேரத்தில் சூறைக்காற்று

நம் நாட்டில் பெருஞ்சுழற்காற்று அரிது. ஆயினும், மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் ‘சுமத்திரா’ சூறைக்காற்றைத் தெங்கேரா வட்டாரத்தார் நன்கறிவர். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியற்பொழுதில், அதாவது பால்வெட்டு வேளையில், அது வீசுகின்றது. ரப்பர் மரமோ காற்றில் எளிதில் முறியும் இயல்பினது.

மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் இடிமழை எச்சரிக்கை, 6 மணி நேரத்துக்கு மேற்படாத குறுகிய காலத்துக்கே உரியது. ஆதலால் நேற்றைய செய்தியை நம்பாது, வேலைக்குப் புறப்படுமுன் கேட்டறிதல் வேண்டும்.

மேற்கே மின்னி, திடீரெனக் குளிர்காற்று எழுந்தால், மங்குப் பால் வீணாகுமே எனத் தயங்க வேண்டா. நிரையை விட்டு உறுதியான கட்டடத்துக்குள் செல்லுங்கள். இறுதி இடியோசைக்குப் பின் 30 நிமிடம் பொறுத்திருங்கள். மரம் மீண்டும் பால் தரும்; உயிர் மீளாது என்பதை நினைவிற்கொள்ள வேண்டுகிறோம்.