பந்தயக் காரின் பிளாஸ்டிக் ஜன்னலும் நம் லோடு வண்டியும்

சென்ற மாதக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "அண்ணாச்சி, இருங்காட்டுக்கோட்டையில் பந்தயக் காருக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் போடுகிறார்களாமே. நம் லோடு வண்டிக்கும் போட்டால் உடைகிற தொல்லை இல்லையே?" நியாயமான கேள்விதான். நாம் அதைப் போட்டுப் பார்த்துப் பட்டவர்கள் என்பதால் எழுதுகிறோம்.

பாடியில் வயதானவர்களுக்குச் சோழவரம் ஞாபகம் இருக்கும். செங்குன்றம் தாண்டி, யுத்த காலத்து விமான ஓடுதளம். அங்கேதான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தியது. பிறகு 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதையே வந்தது. இளவயதில் கடைக்கு லீவு சொல்லிவிட்டுச் சோழவரம் போய், பின்சீட்டு, கதவு அட்டை எதுவும் இல்லாமல் ஓடிய பியட்டைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். எடையைக் குறைக்கத்தான் அந்தப் பாடு என்று அப்போது தெரியாது. பெங்களூரில் தயாரான சிபானி டால்பின் சின்ன என்ஜின் வண்டிதான். ஃபைபர் உடல் என்பதால் எடை குறைவு; அதனாலேயே பந்தயக்காரர்கள் அதை விரும்பினார்கள்.

கண்ணாடிக்கும் அதே கணக்கு. ஒரு சதுர மீட்டர், 4 மி.மீ. கனமுள்ள கண்ணாடி 10 கிலோ. அதே அளவு பாலிகார்பனேட் 5 கிலோவுக்கும் கீழே. ஜன்னலை ஏற்றி இறக்கும் சாமான்களையும் கழற்றிவிட்டால் இன்னும் மிச்சம். அதுவும் மேலே இருக்கிற எடை. வண்டியில் அரிசி மூட்டையை அடியில் போட்டு அப்பளக் கட்டை மேலே வைக்கிறோம். மாற்றி வைத்தால் திருப்பத்தில் வண்டி சாயும். மேல்பாகம் லேசானால் பந்தயக் காரும் வளைவில் நிதானமாக நிற்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கடையில் "பிளாஸ்டிக் கண்ணாடி" என்று கேட்டால் இரண்டு சரக்கில் எதையும் கொடுப்பார்கள். ஒன்று அக்ரிலிக்: பளிச்சென்று இருக்கும், விலை குறைவு, பலமாக அடிபட்டால் கூர்கூராக உடையும். மற்றொன்று பாலிகார்பனேட்: வளையும், சுலபத்தில் உடையாது. ஹெல்மெட்டின் முன்மறைப்பு அதில்தான் செய்கிறார்கள். நாம் விற்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன்களிலும் நல்ல ரகம் பல பாலிகார்பனேட்தான். பந்தயத்துக்கு ஏற்றதும் அதுதான்.

ஆனால் அந்தக் கேனையே பாருங்கள். புதிதில் பளிங்கு மாதிரி இருக்கும். நூறு முறை கழுவி உருட்டிய பிறகு உடம்பெல்லாம் கீறல். வண்டியிலும் அப்படித்தான். வைப்பர் ஓடினால் கீறும். மேற்பூச்சு இல்லாவிட்டால் வெயிலில் மஞ்சளிக்கும். தின்னர், பெட்ரோல் பட்டால் வெடிப்பு விடும். சூட்டில் கண்ணாடியைப் போல ஏழு மடங்கு விரியும். ஒரு மீட்டர் தகடு 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் இரண்டரை மி.மீ.க்கு மேல் நீளும். அதனால் திருகு ஓட்டையைச் சற்றுப் பெரிதாகப் போட்டு, இறுக்காமல் விடுவார்கள்.

பந்தயக்காரருக்கு இதெல்லாம் பெரிதல்ல. கீறினால் மாற்றிவிடுவார். தலையில் ஹெல்மெட், உடம்பில் பட்டை, சுற்றிலும் இரும்புக் கூண்டு. அவர்களிலும் பலர் முன்பக்கம் கண்ணாடியையே வைத்துக்கொள்கிறார்கள்.

நம் கதை வேறு. சில வருஷம் முன்பு எங்கள் லோடு வண்டியில் 15 கிலோ எண்ணெய் டின் சரிந்து, டிரைவர் முதுகுக்குப் பின்னால் உள்ள கண்ணாடி உடைந்தது. பட்டறையில் ஒருவர் அக்ரிலிக் தகடு அறுத்துப் போட்டுக் கொடுத்தார். பாதி விலை, எங்களுக்கும் சந்தோஷம். எண்ணெய்ப் பிசுக்கைத் தம்பி தின்னர் போட்டுத் துடைத்தான். மூன்றே மாதத்தில் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு. இரவில் பின்னால் வரும் லாரி வெளிச்சம் பட்டால் தகடு முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுக்கும். "மாற்றிவிடலாம் ஐயா" என்று அவன் இரண்டு முறை சொன்னான். தீபாவளி சரக்கு முடியட்டும் என்றோம். அடுத்த வாரமே ரெட்டேரி அருகில் பிரேக் அடித்தபோது மூட்டை மோதித் தகடு உடைந்து, ஒரு துண்டு அவன் தோளில் இறங்கியது. ஒன்பது தையல். வண்டியோடு வந்த கண்ணாடி உடைந்தபோது சிறு சிறு உருண்டையாகத்தான் உதிர்ந்தது; யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

சட்டமும் உண்டு. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதிப்படி, முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கங்களில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். பொருளும் தரச்சான்று பெற்றதாக இருக்க வேண்டும். கறுப்புப் பிலிம் விஷயத்தில் 2012-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது இந்த விதிதான். கடைத்தெருவில் அறுத்து வாங்கும் தகட்டுக்கு அந்தச் சான்று கிடையாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் இதையும் பார்க்கலாம்.

வாங்கும்போது கண்ணாடியின் மூலையில் பொறித்திருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். டின் சரியாமல் இருக்க, கேபினுக்குப் பின்னால் இரும்புக் கம்பி வலை அடித்துவிட்டோம். செலவு அந்தத் தகட்டின் விலைகூட ஆகவில்லை. உடைந்தது போக மீதித் தகடு கடையில் துவரம்பருப்புப் பெட்டிக்கு மூடியாக இருக்கிறது.