கேஎக்செக்

கேஎக்செக் என்பது, இயங்கிக்கொண்டிருக்கும் லினக்சுக் கருனியிலிருந்து (கெர்னல்) வேறொரு கருனிக்கு நேரடியாக மாற உதவும் வசதியாகும். எரிக் பீடர்மன் இதன் முதன்மை உருவாக்குநர். 2005 ஆகத்து மாதம் வெளியான லினக்சு 2.6.13 பதிப்பில் இது இணைக்கப்பட்டது.

தேவை

வழமையான மீள்தொடக்கத்தில் கட்டுப்பாடு முதலில் பயோசு அல்லது யூஇஎஃப்ஐ நிலைபொருளிடம் செல்கிறது. அது நினைவகத்தைச் சோதித்து, வன்பொருட்களைத் தயார்செய்த பிறகே துவக்க ஏற்றியை அழைக்கும். வீட்டுக் கணினியில் இதற்குச் சில நொடிகள் போதும். பெரிய வழங்கிகளில் பல நிமிடங்கள் ஆகலாம். பாதுகாப்புத் திருத்தத்துக்காகக் கருனியை மாற்றும்போது அவ்வளவு நேரமும் சேவை தடைப்படும். கேஎக்செக் இவ்விரு கட்டங்களையும் தவிர்க்கிறது.

செயல்படும் விதம்

முதற்படியில் புதிய கருனி, தொடக்க நினைவக வட்டு, கருனிக்கான அளவுருக்கள் ஆகியன நினைவகத்தில் ஏற்றப்படுகின்றன. அப்போது பழைய கருனி வழக்கம்போல் இயங்கும். இரண்டாம் படியில் சாதனங்கள் நிறுத்தப்பட்டு, ஒரு சிறு இடைநிலை நிரல் ஏற்றப்பட்ட தரவு சிதையவில்லை என்பதைச் சரிபார்த்த பின், புதிய கருனியிடம் கட்டுப்பாடு ஒப்படைக்கப்படுகிறது.

வரம்புகள்

இயங்கும் செயல்முறைகள் அனைத்தும் முடிவுக்கு வருவதால், இது கருனியை இயங்கும்போதே திருத்தும் நேரடி ஒட்டு முறையிலிருந்து வேறுபட்டது. நிலைபொருள் வன்பொருளை மீளமைக்காததால், சில சாதனங்கள் பழைய நிலையிலேயே இருந்து புதிய கருனியில் சரிவர இயங்காமல் போகலாம். சேவைகளை நிறுத்தாமலும் கோப்பு முறைமைகளை விடுவிக்காமலும் நேரடியாகத் தாவினால் தரவு இழப்பு ஏற்படக்கூடும். எனவே சிஸ்டம்டி வழியாக முறைப்படி நிறுத்தி மாறுவதே பாதுகாப்பானது.

கேடம்ப்

கருனி நிலைகுலையும்போது காரணத்தை அறிவதற்கான தடயங்கள் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். வழமையான மீள்தொடக்கத்தில் அவை அழிந்துவிடலாம். கேடம்ப் வசதி, முன்கூட்டியே ஒதுக்கப்பட்ட நினைவகப் பகுதியில் இரண்டாவது கருனி ஒன்றை ஆயத்தமாக வைத்திருக்கிறது. முதல் கருனி வீழ்ந்ததும் கேஎக்செக் மூலம் அது இயங்கி, பழைய நினைவகத்தின் படியைச் சேமிக்கிறது.

பாதுகாப்பு

தீங்கான கருனியை ஏற்றவும் இவ்வழி பயன்படலாம் என்பதால், 2014 இல் வெளியான லினக்சு 3.17 பதிப்பில் கருனியின் எண்ணிமக் கையொப்பத்தைச் சரிபார்க்க வகைசெய்யும் புதிய முறைமை அழைப்பு சேர்க்கப்பட்டது.