எலும்பு கூடுவது வேறு, கை தேறுவது வேறு

மிதிவண்டியிலிருந்து விழுந்து எலும்பு முறிந்த நிலையில் எங்கள் பிரிவுக்கு வருவோரில், 11-ஆம் வகுப்பில் பெற்ற விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குச் சென்ற மாணவரும் உண்டு. சந்தைக்குச் சென்று திரும்பிய முதியவரும் உண்டு. அனைவரும் கேட்பது ஒரே கேள்வி: “கட்டு எப்போது பிரிப்பீர்கள்?” கட்டுப் பிரிக்கும் நாளே குணமடையும் நாள் என்று பலரும் எண்ணுகின்றனர். எலும்பை ஒட்டவைக்கும் வேலையை உடல் செய்துகொள்ளும். கையை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலையில் பெரும்பங்கு நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் உரியது.

முறிந்த எலும்பில் நடப்பது என்ன?

விழும்போது எவரும் தம்மையறியாமல் கையை ஊன்றுவர். அதனால் மணிக்கட்டு, முழங்கை, காறையெலும்பு ஆகியவையே பெரும்பாலும் முறிகின்றன. முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. இரண்டு, மூன்று வாரங்களில் அங்கு மென்மையான இணைப்புத் திசு உருவாகிறது. 6 முதல் 12 வாரங்களில் அது கடினமான எலும்பாகிறது. பிறகு பல மாதங்கள் வரை அவ்வெலும்பு தன்னைச் செதுக்கிச் சீராக்கிக்கொள்கிறது. குழந்தைகளுக்கு இது விரைவாக நடக்கும். முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் தாமதமாகலாம்.

மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் உள்ள சிறிய படகெலும்பு தனிக் கவனத்துக்கு உரியது. அதற்கு இரத்த ஓட்டம் குறைவு. முறிவு முதல்நாள் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். ஆகவே, கட்டைவிரலின் அடிப்பகுதியில் வலி நீடித்தால், 10 முதல் 14 நாள்களில் மறுபடியும் படம் எடுக்கச் சொல்வோம். “அன்றைக்கே எடுத்தாயிற்றே” என்று அதைத் தவிர்க்க வேண்டாம். கவனிக்கப்படாத முறிவு கூடாமலே நின்றுவிடக்கூடும்.

ஸ்லோவேனிய மிதிவண்டி வீரர் தடேய் பொகாச்சாருக்கு முறிந்ததும் இவ்வெலும்பே. 2023 ஏப்ரல் 23 அன்று பெல்ஜியத்தில் ஒரு பந்தயத்தில் விழுந்த அவர், அறுவை சிகிச்சைக்குப் பின் ஏறத்தாழ 10 வாரங்களில் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் இறங்கி, இரண்டாமிடம் பெற்றார். அவருடைய எலும்பும் நம் எலும்பைப் போல வாரக்கணக்கில்தான் கூடியிருக்கும். காயம்படாத உறுப்புகளை அதுவரை ஓயவிடாமல் வைத்திருப்பதே விளையாட்டு வீரர்களின் வழக்கம். நாம் கற்றுக்கொள்ள வேண்டியதும் அதுவே.

முதல் இரண்டு நாள்கள்

முறிந்த கை வீங்கும். மாவுக்கட்டோ துணிக்கட்டோ மூங்கில் பத்தையோ, இறுக்கமாக இருந்தால் வீக்கத்துக்கு இடமில்லாமல் உள்ளே அழுத்தம் கூடி, தசைக்குச் செல்லும் இரத்தம் குறையும். சில மணி நேரங்களில் தசை மீளமுடியாதபடி கெடும். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். நாட்டுக் கட்டை நாடுவது நம் பகுதியில் நெடுநாள் வழக்கம். யார் கட்டிய கட்டாயினும் பின்வரும் அறிகுறிகளில் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்:

• மாத்திரைக்கும் அடங்காமல் கூடிக்கொண்டே போகும் வலி
• விரலை மற்றவர் மெல்ல நீட்டினாலே தாங்கமுடியாத வேதனை
• விரல்கள் மரத்துப்போதல், குளிர்ந்துபோதல், நீலம் பாய்தல் அல்லது வெளுத்தல்

கையைத் தலையணைமேல் நெஞ்சைவிட உயரமாக வையுங்கள். மோதிரம், வளையல்களை வீங்குமுன் கழற்றிவிடுங்கள். அரிப்புக்காகக் கட்டுக்குள் குச்சியோ ஊசியோ விடவேண்டாம்.

கட்டு இருக்கும்போதே பயிற்சி

மருத்துவர் தடை கூறாதவரை, கட்டுக்கு வெளியே உள்ள விரல்களை மணிக்கு ஒருமுறை பத்துத் தடவை முழுமையாக மடக்கி நீட்டவேண்டும். முழங்கையும் தோளும் கட்டுக்கு வெளியே இருந்தால் அவற்றையும் அசைக்கவேண்டும். “வலிக்கும், பேசாமல் இரு” என்று அன்பினால் தடுப்பவர்கள் பெரும்பாலும் தாயாரும் பாட்டியாருமே. ஆறு வாரம் அசையாதிருந்த முதியவரின் தோள் இறுகிவிட்டால், அதை விடுவிக்கப் பல மாதங்கள் ஆகும். கட்டுப் பிரித்தபின் கை மெலிந்தும் விறைத்தும் இருப்பது இயல்பு. இயன்முறை சிகிச்சை அப்போதுதான் முழுவீச்சில் தொடங்குகிறது. எண்ணெய் தேய்த்து வலிந்து இழுப்பது தீங்கு.

உணவும் பழக்கமும்

ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்பு சீக்கிரம் கூடும் என்ற நம்பிக்கை இங்கு வலுவானது. குடிப்பதில் தவறில்லை, அதை மட்டும் நம்பியிருத்தல் போதாது. முட்டை, பருப்பு, பால், மீன் ஆகியவை தரும் புரதம் அன்றாடம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. பீடி, சிகரெட் புகைப்போருக்கு எலும்பு கூடுவது தாமதமாகும். அக்காலத்திலேனும் அறவே நிறுத்தவேண்டும். சர்க்கரை நோயாளிகள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவேண்டும். மெதுவாகச் சாய்ந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்த முதியவருக்கு எலும்பு வலுக்குறைவுப் பரிசோதனை அவசியம்.

மீண்டும் மிதிவண்டியில்

மூன்று கேள்விகளுக்கும் “ஆம்” என்ற விடை வந்தபின்பே மிதிவண்டியில் ஏறலாம். எக்ஸ்ரேயில் எலும்பு கூடியுள்ளதா? முறிந்த இடத்தை அழுத்தினால் வலியில்லையா? இரு கைகளாலும் பிரேக்கை இறுகப் பிடிக்க முடிகிறதா? முதல் சில நாள்கள் போக்குவரத்தில்லாத தெருவில் பழகுவது நலம்.

சாலையில் விபத்து நேர்ந்தால் 108-ஐ அழையுங்கள். 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அரசு வகுத்த வரம்புக்குள் கட்டணமின்றிக் கிடைக்கும். செலவுக்கு அஞ்சி அந்த முதல் மணி நேரங்களை வீட்டில் கழிக்கவேண்டாம். கட்டுப் பிரித்தபின் குறித்த நாள்களில் மறுபரிசோதனைக்குத் தவறாமல் வாருங்கள். கையின் அசைவை அளந்து பார்த்து அடுத்த பயிற்சியை அன்றே சொல்லித்தருவோம்.