பருவம் மாறும்போது குதிரை ஏன் முரண்டு பிடிக்கிறது?

நமது ஆலயச் சித்திரைத் திருவிழாவில், ஐயனார் ஊர்வலத்திற்கு முன்னால் இரண்டு ஆண்டுகள் ஓர் உயிர்க்குதிரை நடந்து வந்ததைக் கண்டு மகிழ்ந்திருப்பீர்கள். சென்ற ஆண்டு அது வரவில்லை. உபயக்காரருக்கும் ஆலயக் குழுவுக்கும் மனஸ்தாபம் என்று ஒரு பேச்சும், குதிரைக்குச் சுழி சரியில்லை என்று இன்னொரு பேச்சும் தோட்டத்தில் உலவின. இரண்டும் உண்மையல்ல. நடந்ததை மலரில் எழுதிவிடுங்கள் என்று குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டனர். நான் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். குதிரை வைத்தியன் அல்லன். கேட்டும் படித்தும் அறிந்ததையே இங்கு எழுதுகிறேன்.

அது ஆஸ்திரேலியாவிலிருந்து பந்தயத்திற்காக வந்து, ஓய்வு பெற்ற பின் நம் உபயக்காரரின் லாயத்தில் வளரும் விதையடித்த ஆண்குதிரை. பரம சாது. பள்ளிப் பிள்ளைகள் காரட் கொடுத்தால் உதட்டால் மெல்ல வாங்கிக்கொள்ளும். சென்ற ஆண்டு ஏப்ரலில், திருவிழாவுக்குப் பத்து நாள் முன்பு ஒத்திகை பார்த்தோம். சேணத்தைப் போட்டதும் திரும்பிக் கடிக்க வந்தது. இளைஞர் ஒருவர் ஏறி அமர்ந்ததும் முன்னங்கால்களைத் தூக்கி நின்று அவரைக் கீழே தள்ளிவிட்டது. அவருக்குக் கையில் சுளுக்கு, அதோடு போயிற்று. ஆனால் பூத்தட்டு ஏந்திய ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இரண்டு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அன்றிரவு குழுக் கூட்டத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். திருஷ்டி என்றார் ஒருவர். நெற்றிச் சுழி கெட்ட சுழி என்றார் தமிழகத்தில் மாட்டுச் சந்தை பார்த்த பெரியவர். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவின்போது கூடும் குதிரைச் சந்தையில் இன்றும் சுழி பார்த்து வாங்குவோர் உண்டு. ஆனால் சுழி பிறவியிலேயே அமைவது. இரண்டு ஆண்டுகள் சாதுவாக இருந்த குதிரைக்கு மூன்றாம் ஆண்டில் சுழி புதிதாக முளைக்காது அல்லவா? இதைச் சொல்லிவிட்டு, மறுநாள் பூசணிக்காய் உடைத்தவர்களில் நானும் ஒருவன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அதன் பிறகே கால்நடை மருத்துவரை அழைத்தோம். அவர் குதிரையைத் தொடுமுன் கேட்ட கேள்வி இது: "கடந்த ஒன்றரை மாதத்தில் என்ன மாறியிருக்கிறது?" நாங்கள் விழித்தோம். குதிரைக்காரர்தான் பதில் சொன்னார்: "மழை வந்துச்சு, ஐயா. வேற ஒண்ணும் மாறல."

அந்த ஒன்றுதான் எல்லாம். மேலை நாடுகளைப் போல் நமக்கு நான்கு பருவங்கள் இல்லை என்று வகுப்பில் நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் பால்மரக் காட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும், நமக்கும் பருவம் உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் வெயில் ஏற ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும், புல் காயும். மார்ச் கடைசியில் மழை பிடித்து, ஏப்ரலில் மாலைதோறும் இடி முழங்கும். பத்தே நாளில் திடலெங்கும் இளம்புல்.

இளம்புல் குதிரைக்கு வெல்லம் போன்றது. அதில் மாவும் சர்க்கரையும் மிகுதி. வைக்கோலும் தவிடும் தின்று வறட்சியைக் கழித்த குதிரை, திடீரென்று அதை நாள் முழுதும் மேய்ந்தால் உடம்பு பெருக்கும். மழையால் சவாரியும் நின்றுபோகும். தீனி ஏறி வேலை குறைந்தால் குதிரை துள்ளத்தானே செய்யும். சென்ற ஆண்டு அளவாகத் தைத்த சேணம் இவ்வாண்டு முதுகின் இருபுறமும் நெருக்குகிறது. மருத்துவர் முதுகெலும்பை ஒட்டி விரலால் அழுத்தியதும் குதிரை நெளிந்து பல்லைக் காட்டியது. அது கோபமன்று, வலி. வாய் பேசாத ஜீவன் வேறு எப்படிச் சொல்லும்?

அடுத்து வலது முன்காலைத் தூக்கிப் பார்த்தார். குளம்பின் அடியில் கறுத்து, நாற்றமடித்து, மெத்தென்றிருந்தது. ஈரத்திலும் சாணத்திலும் நின்றுகொண்டே இருந்தால் குளம்பின் நடுச்சதை அழுகத் தொடங்குமாம். அதன்மேல் ஓர் ஆளும் ஏறினால் எந்தக் குதிரைதான் பொறுக்கும்? நாள்தோறும் குளம்பைச் சுரண்டித் துடைத்து, உலர்ந்த தரையில் நிறுத்துவதே முதல் மருந்து. மழை தொடங்கினால் ஈக்களும் பெருகும். வாலும் தலையும் ஓயாமல் ஆடுவது அதனாலும் இருக்கலாம்.

இடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். குதிரை வேட்டையாடப்படும் இனம். கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், நேர் பின்புறமும் மூக்குக்கு நேர் முன்னும் தவிர ஏறக்குறைய சுற்றிலும் அதற்குத் தெரியும். ஐயம் வந்தால் முதலில் ஓடும். பிறகுதான் என்னவென்று பார்க்கும். ஒத்திகையன்று வானம் கறுத்திருந்தது, காற்று வீசியது, பந்தல் தகரம் படபடத்தது, மேளமும் முழங்கியது. இத்தனையையும் அதன் தலையில் ஏற்றிவிட்டுச் சுழியைக் குறை சொன்னோம்.

மேலை நாட்டு நூல்களில் இன்னொரு காரணமும் எழுதியிருக்கிறார்கள். குளிர்காலம் கழிந்து பகல் நீளும்போது பெண்குதிரைகளுக்குச் சினைப்பருவம் தொடங்கும். அப்போது குணம் மாறும். லண்டனில் மிக நீண்ட பகல் பதினாறரை மணி நேரம். மிகக் குறுகியது எட்டு மணிக்கும் குறைவு. நம் சிரம்பானிலோ ஆண்டு முழுவதும் பகலின் வேறுபாடு ஏறத்தாழ 20 நிமிடமே. ஆகவே அந்த விளக்கம் இங்கு அதிகம் பொருந்தாது. நம் குதிரையோ ஆண், அதிலும் விதையடித்தது.

வெளிநாட்டுக் குதிரையை நம் வெப்பத்தில் வளர்ப்பதில் உள்ள சிரமம் இன்று நேற்றல்ல. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட மாணிக்கவாசகர் வரலாறும், நரியைப் பரியாக்கிய திருவிளையாடலும் நீங்கள் அறிந்தவையே. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தென்னாடு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டுக்குக் கடல் வழியாக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்ததையும், சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுத்து வளர்த்ததையும், பக்குவமாகப் பராமரிக்க ஆளில்லாமல் பெரும்பாலானவை மடிந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். குளிர்நாட்டுக் குதிரைகள் சிலவற்றுக்கு இங்கே வியர்வையே நின்றுவிடும் நோயும் உண்டு. மூச்சிரைத்து, தோல் காய்ந்து, நடக்க மறுக்கும். பார்ப்பவர்கள் சோம்பல் என்று நினைத்து அடிப்பார்கள்.

மருத்துவர் கடைசியாகக் கூறியது என்னை உலுக்கியது. மிருகத்தின் குணம் திடீரென்று மாறினால் நரம்பையும் மூளையையும் தாக்கும் நோய் இருக்கிறதா என்பதை விலக்கிய பிறகே மற்றக் காரணங்களைத் தேட வேண்டும் என்றார். நெகிரி செம்பிலான்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1998–99இல் புக்கிட் பெலண்டோக் வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளைச் சூறையாடிய நோயை முதலில் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எண்ணினார்கள். 1999 மார்ச்சில்தான் அது புதிய கிருமி என்று தெரிந்து, சுங்கை நீப்பா கிராமத்தின் பெயரால் நீப்பா எனப்பட்டது. நம் நாட்டில் 265 பேரைத் தாக்கி 105 பேரின் உயிரைக் குடித்தது. அக்காலத்தில் ஓரிரு குதிரைகளிலும் அக்கிருமியின் தடயம் காணப்பட்டது. நம் குதிரைக்கு உடல்வெப்பம் 38 பாகை, மூச்சும் நாடியும் சீர். அன்றுதான் நாங்கள் நிம்மதியாக மூச்சு விட்டோம்.

குளம்பு ஆறச் சில வாரங்கள் ஆகும் என்றதால் சென்ற ஆண்டு ஊர்வலத்தில் குதிரை வேண்டாமென்று முடிவு செய்தோம். உபயக்காரருக்கு மனவருத்தம் இருந்தது, மறைப்பதற்கில்லை. ஆனால் ஒத்திகையில் நின்ற அந்தச் சிறுமியைப் பற்றிச் சொன்னதும் அவரே, "வேண்டாம், வாத்தியாரையா" என்றார். இப்போது அவர் மழைக்காலத்தில் மேய்ச்சலை அளவோடு வைத்து, தீனியை மாற்றினால் ஒரே நாளில் மாற்றாமல் பத்து நாட்களில் சிறிது சிறிதாக மாற்றுகிறார். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து. சேணத்தையும் புதிதாக அளவெடுத்துத் தைத்துவிட்டார்.

இவ்வாண்டு குதிரை வருகிறது. யாரும் ஏறமாட்டார்கள், மாலையிட்டு, கயிற்றில் பிடித்து நடத்தி வருவோம். மாலை இடிக்கு முன் முடியும்படி ஊர்வலம் காலை எட்டு மணிக்கே புறப்படும். அதன் பின்னால் நிற்க வேண்டாம், அருகில் பட்டாசு கொளுத்த வேண்டாம், பிரசாதத்தை ஊட்ட வேண்டாம் என்று அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். காரட் கொடுக்க விரும்பும் பிள்ளைகள் குதிரைக்காரரிடம் கொடுத்தால் அவர் வாங்கி ஊட்டுவார்.