பெல்ட் எங்கே பூட்டப்பட்டிருக்கிறது?

தியத்தலாவை பொக்ஸ் ஹில் ஓட்டப்பாதையில் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி நடந்ததைப் பதுளை மாவட்டத்தில் மறந்தவர் இருக்க முடியாது. ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு நடந்த சுப்பர் குரொஸ் பந்தயம் அது. பாதையை விட்டு விலகிய கார் ஒன்று ஓரத்தில் நின்ற கூட்டத்துக்குள் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட 7 பேர் உயிரிழந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பார்வையாளருக்கும் பாதைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும், தடுப்பு எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விகள் அதன் பிறகு உரக்க எழுந்தன. எழ வேண்டிய கேள்விகள்தான்.

காருக்குள் இருப்பவரின் பாதுகாப்பு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. மண் பாதையில் சறுக்கிச் சரிவில் உருளும் காரில் சாரதியைப் பிடித்து வைத்திருப்பது ஹார்னஸ் பெல்ட். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தொடைகளுக்கு நடுவே ஒன்றோ இரண்டோ. வாங்கும்போது எல்லாரும் அதன் கம்பெனிப் பெயரையும் தர முத்திரையையும் பார்க்கிறார்கள். ஆனால் அதைக் காரில் எந்த இடத்தில் பூட்டுகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மண்மேட்டில் மோதுகிறது. சாரதியின் உடல் அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 70 கிலோ எடையுள்ளவர் அந்தக் கணத்தில் ஏறத்தாழ 1,400 கிலோ பாரமாக முன்னே தள்ளுவார். அவ்வளவு பாரமும் சில போல்ட்டுகளின் தலையில் வந்து விழுகிறது. தோள் பெல்ட், இடுப்பு பெல்ட் பூட்டும் ஒவ்வோர் இடமும் ஏறக்குறைய 1,500 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும், தொடைப் பெல்ட் பூட்டும் இடம் அதில் பாதியையாவது தாங்க வேண்டும் என்கிறது சர்வதேச மோட்டார் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ.யின் விதி.

சாதாரணக் காரின் தளத் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இராது. அதில் துளை போட்டு, சின்ன வோஷர் ஒன்றை வைத்து நட்டை இறுக்கிவிட்டால், கையால் எவ்வளவு இழுத்தாலும் அசையாது. மோதும்போது மட்டும் நைந்த துணியிலிருந்து பொத்தான் பிய்வதுபோலப் பிய்ந்து வரும். ஆகவே புதிதாகத் துளையிடும் இடத்தில் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனமும் 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள உருக்குத் தகட்டை வைத்துப் பலப்படுத்த வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. போல்ட்டும் கையில் கிடைத்ததாக இருக்கக்கூடாது. 12 மில்லிமீட்டர், 8.8 தரம். போல்ட்டின் தலையிலேயே 8.8 என்று பொறித்திருக்கும்.

மலைநாட்டில் இன்னொரு எதிரி துரு. ஒக்டோபரில் தொடங்கும் மழை ஜனவரி வரை பதுளையை நனைக்கிறது. பழைய ஜப்பானியக் காரின் கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் ஈரம் தேங்கியிருக்கும். மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பார்த்தால் உள்ளே போய்விடும். அப்படிப்பட்ட தகட்டில் எவ்வளவு கனமான உருக்கை வைத்து வெல்ட் பண்ணினாலும் பிடிப்பு இருக்காது. அழுகிய பகுதியை வெட்டி எடுத்து, நல்ல உலோகம் தெரியும்வரை போக வேண்டும். செலவைப் பார்த்து இந்த வேலையைத் தள்ளிப்போடக்கூடாது.

முதலில் தேட வேண்டியது காரைச் செய்த கம்பெனியே வைத்த பூட்டும் இடங்களை. அவை இழுத்துச் சோதிக்கப்பட்டவை. இருந்தாலும் கோணத்தைப் பார்க்காமல் பூட்டிவிட முடியாது. தோள் பெல்ட் சீட்டின் மேல் விளிம்பிலிருந்து பின்னோக்கி, கிட்டத்தட்டக் கிடையாகப் போக வேண்டும். 10 பாகைக்கு மேல் கீழே இறங்காமலிருப்பது நல்லது. 45 பாகையைத் தாண்டவே கூடாது. காரணம் எளிது. 10 பாகையில் உடலைப் பின்னே பிடிக்கும் விசையில் ஆறில் ஒரு பங்குதான் தோளைக் கீழே அமுக்கும். 45 பாகையில் பிடிக்கும் விசை எவ்வளவோ, அமுக்கும் விசையும் அவ்வளவு. அந்த அமுக்கம் முழுவதும் முதுகெலும்பில் இறங்கும். சீட்டுக்குப் பின்னால் தளத்திலேயே தோள் பெல்ட்டைப் பூட்டுவது வேலைக்குச் சுலபம், முதுகுக்கு ஆபத்து. காருக்குள் பொருத்தும் உருக்குக் குழாய்க் கூண்டான ரோல் கேஜில் தோள் உயரத்துக்குக் குறுக்குக் குழாய் ஒன்றைப் போட்டு அதில் பூட்டுவதே சரியான வழி. பெல்ட்டைச் சீட்டிலோ சீட்டின் தாங்கிகளிலோ பூட்டுவதை விதி தடை செய்கிறது. ரோல் கேஜ் இல்லாத காரில் ஹார்னஸ் போடுவதும் ஆபத்தே. கார் தலைகீழானால் கூரை நசுங்கி இறங்கும்; நிமிர்த்திக் கட்டப்பட்ட உடல் சரிந்து விலக வழியில்லை.

இடுப்பு பெல்ட் வயிற்றில் அல்ல, இடுப்பெலும்புக்கும் தொடைக்கும் நடுவிலுள்ள மடிப்பில் இறுக்கமாக உட்கார வேண்டும். அது மேலேறினால் உடல் அடியில் வழுக்கிப் போகும், உள்ளுறுப்புகள் நசுங்கும். தொடைப் பெல்ட் இருப்பதே அதைத் தடுக்கத்தான்.

அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தய வீரர் டேல் ஏர்ன்ஹார்ட் 2001 பெப்ரவரி 18ஆம் திகதி டேட்டோனாவில் இறந்தபோது அவருடைய இடப்பக்க இடுப்பு பெல்ட் அறுந்திருந்தது. பெல்ட் செய்த கம்பெனி, பூட்டிய விதமே தவறு என்றது. அவர் சாவுக்கு அதுதான் காரணமா என்பதில் கருத்து வேறுபாடு தீரவில்லை. ஆனாலும் பெல்ட் எந்தக் கோணத்தில், எங்கே பூட்டப்படுகிறது என்பதைப் பந்தய உலகம் முழுவதும் உற்றுப் பார்க்கத் தொடங்கியது.

இது பந்தயக்காரர்களுக்கு மட்டுமான விஷயமல்ல. 2021 மார்ச்சில் பசறையில் லுணுகலையிலிருந்து வந்த பஸ் பள்ளத்தில் விழுந்தது. 2025 செப்டெம்பரில் எல்ல - வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் விழுந்து 15 பேர் இறந்தார்கள். முன்சீட்டில் பெல்ட் 2011இலிருந்தே கட்டாயம். 2025 ஜூலையிலிருந்து பஸ் சாரதிகளுக்கும் கட்டாயம். சட்டத்துக்காகப் பழைய பஸ்ஸிலும் தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றும் வேனிலும் பிறகு பூட்டப்படும் பெல்ட்டுகள் எதில் பூட்டப்படுகின்றன? மெல்லிய தகட்டிலா, செசியோடு சேர்ந்த உருக்கிலா? பரிசோதிக்கும் அதிகாரிகள் பெல்ட் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், வண்டிக்கு அடியிலும் குனிந்து பார்க்க வேண்டும். வாகனம் வைத்திருப்பவர்கள் அடுத்த முறை கராஜுக்குப் போகும்போது கார்ப்பெட்டைத் தூக்கச் சொல்லி, அந்தப் போல்ட்டுகளைத் தாங்களே கண்ணால் பார்க்கட்டும்.