உஷார்! பெரியப்பாவின் காசுப் பெட்டியைக் கழுவிவிடாதீர்கள்!

கையை எடுங்கள். முதலில் அந்தக் காசிலிருந்து கையை எடுங்கள்!

வீட்டில் ஒரு பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். காரியமெல்லாம் முடிந்து பீரோவை ஒழிக்கும்போது ஒரு தகரப் பெட்டி கிடைக்கிறது. உள்ளே பச்சையும் கறுப்புமாகப் பழங்காசுகள். "உனக்குத்தான் தரணும்னு சொல்லிட்டே இருந்தார்" என்று உங்கள் கையில் கொடுக்கிறார்கள். அடுத்து என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். சமையலறைக்குப் போய்ப் புளியை எடுப்பீர்கள்.

வேண்டாம்! தயவுசெய்து வேண்டாம்!

கும்பகோணம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு நடந்ததைக் கேளுங்கள். அவளுடைய பெரியப்பா தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாத்திரக் கடைகளுக்குப் போய், எடைக்கு வந்த பழைய செம்புக் குவியலில் காசு பொறுக்குவார். ஒவ்வொரு காசையும் ஒரு சின்னக் காகித உறையில் போட்டு, எந்த ஊர், எந்தத் தேதி, என்ன விலை என்று பென்சிலில் எழுதி வைப்பார். நாற்பது வருஷப் பழக்கம்.

அந்தப் பெண் செய்த முதல் காரியம், உறைகளையெல்லாம் கிழித்துக் காசைத் தரையில் கொட்டியது. உறைகளில் பூச்சி அரித்திருந்ததாம், பழைய பேப்பரோடு போட்டுவிட்டாள். இரண்டாவது, காசுகளை ராத்திரி முழுக்கப் புளித்தண்ணீரில் ஊறவைத்து, காலையில் பாத்திரம் தேய்க்கும் பொடி போட்டுத் தேய்த்தது. பளபளவென்று வந்துவிட்டது. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

நாணயம் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் அப்புறம்தான் கொண்டுபோனாள். சதுரமான ஒரு செப்புக் காசை அவர் லென்ஸ் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு பக்கம் மீன் மாதிரி லேசாக ஒரு கோடு. மறுபக்கம் வழவழ. "இங்கே எழுத்து இருந்திருக்கும்மா" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

அந்த வழவழப்பில் என்ன போயிற்று தெரியுமா? சங்க காலப் பாண்டியர் காசுகளில் சிலவற்றில் தமிழ்ப் பிராமியில் பெயர் பொறித்திருக்கிறார்கள். "பெருவழுதி" என்று எழுதிய செப்புக் காசு 1980-களில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அதைப் படித்துச் சொன்னார். பாட்டில் கேட்டிருந்த ஒரு பெயர் காசிலும் கிடைத்தது. அப்படி ஒரு பெயர் உங்கள் பெட்டியிலும் இருக்கலாம். அதைப் புளியில் கரைத்துவிடுவீர்களா?

காசின் மேல் இருக்கும் பச்சை அழுக்கு இல்லை. இரண்டாயிரம் வருஷத்தில் செம்பின் மேல்பரப்பே அப்படி மாறியிருக்கிறது. எழுத்தும் உருவமும் அந்தப் படலத்தில்தான் நிற்கின்றன. புளி, எலுமிச்சை, வினிகர், விபூதி எதுவாக இருந்தாலும் படலம் போகும்போது எழுத்தும் சேர்ந்து போகும். திரும்ப வராது!

வைக்கிற இடத்திலும் ஆபத்து இருக்கிறது. புது மழைக்கோட்டு வாசனை அடிக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள். அது பிவிசி. நாளாக நாளாக அதிலிருந்து கசிவது காசின் மேல் பச்சைப் பிசுக்காக ஒட்டிக்கொண்டு அரிக்கும். வெளிர்பச்சையில் மாவு மாதிரி உதிரும் புள்ளி தெரிந்தால் அந்தக் காசைத் தனியே எடுத்து ஈரம் படாமல் வையுங்கள். உப்பும் ஈரமும் சேர்ந்து செம்பைத் தின்கிற நோய் அது. சாதவாகனர் காலத்து ஈயக் காசு இருந்தால் மரப்பெட்டியும் அட்டைப்பெட்டியும் ஆகாது. அவற்றிலிருந்து வரும் அமில ஆவியில் ஈயம் வெள்ளைப் பொடியாகிவிடும். அந்தப் பொடி விஷம். குழந்தை கையில் கொடுத்துவிடாதீர்கள், தாயே!

அவள் கதை இன்னும் முடியவில்லை. அக்கா பையன் ஆசையாகப் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினான். மூன்றாம் நாள் ஒரு போன். "ரிசர்வ் வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் காசுக்கு நாற்பது லட்சம் ஒதுக்கியிருக்கிறோம்." பதிவுக் கட்டணம் என்று முதலில் இரண்டாயிரத்து ஐந்நூறு. பிறகு ஜிஎஸ்டி. பிறகு "பணம் வண்டியில் வருகிறது, அதற்கு இன்சூரன்ஸ்". நகையை அடகு வைத்துக் கட்டினாள். வண்டி வரவே இல்லை.

ரிசர்வ் வங்கி பழைய காசு வாங்குவதில்லை! அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை. 2021 ஆகஸ்டில் அவர்களே அறிக்கை விட்டு எச்சரித்தார்கள். காசு வாங்க வருகிறவன் உங்களிடம் பணம் கேட்டால் அந்த நொடியே போனை வையுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள், உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். தாமதமானால் பணம் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும்.

"இந்தக் காசு அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது, கோடிக்கணக்கில் போகும்" என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். அனுமார், ராமர் படம் போட்டு "கிழக்கிந்தியக் கம்பெனி 1818, அரை அணா" என்று இருந்தால் அது பிற்காலத்தில் செய்தது. நாடு முழுக்க ஒரே மாதிரியான காசைக் கம்பெனி அடிக்க ஆரம்பித்ததே 1835-இல்தான்.

வீட்டுக்கே வந்து, "தனித்தனியா பார்க்க வேண்டாம்மா, மொத்தமா ஒரு விலை" என்று அவசரப்படுத்துகிறவரிடமும் எச்சரிக்கை. நல்ல காசு எது என்று அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார்! தங்கக் காசை நகைக்கடைத் தராசில் வைக்காதீர்கள். விஜயநகர வராகன் ஏறக்குறைய 3.4 கிராம்தான். எடைக்குப் போட்டால் உருக்கிவிடுவார்கள், அதோடு கதை தீர்ந்தது. தங்கப் பணம் இன்னும் பொடிசு, பருப்பளவுகூட இருக்காது. பெட்டியைத் துடைக்கும்போது துணியோடு போய்விடும்.

இதை அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் இரண்டு முறை படியுங்கள். தாத்தா ஞாபகமாக ரெண்டே ரெண்டு காசு என்று பையில் போட்டு அனுப்பாதீர்கள்! 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய காசு தொல்பொருள். தனிமனிதர் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. தண்டனை ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை, அபராதம் வேறு. சோழர் காசுக்கு மட்டும்தான் இந்தச் சட்டம் என்று நினைக்காதீர்கள். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட 1919 வெள்ளி ரூபாய்க்கும் நூறு தாண்டிவிட்டது. பழைய வீட்டை இடிக்கும்போது மண்ணுக்குள் பானையோடு கிடைத்தால் அது வேறு கதை. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், "எங்க தாத்தா புதைச்சது" என்று வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது.

பெட்டி கிடைத்ததும் யாருக்கும் சொல்லாமல் ஒரு வாரம் பூட்டி வையுங்கள். பங்காளிகள் இருந்தால் எல்லோரும் உட்கார்ந்து எண்ணிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு காசையும் விளிம்பில் பிடித்து, இரண்டு பக்கமும், அதன் உறையோடு சேர்த்துப் படம் எடுங்கள். காசையும் உறையையும் பிரிக்காதீர்கள். எங்கே கிடைத்தது என்று தெரிந்த காசுக்குத்தான் ஆராய்ச்சியில் மதிப்பு, வாங்குகிறவரின் நம்பிக்கையும் அதில்தான். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவு இருக்கிறது. அங்கே இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து உங்கள் பெட்டியைத் திறங்கள், கண்ணே மாறிவிடும்.

அந்தப் பெண் பழைய பேப்பர்க்காரரைத் தேடி ஓடினாள். சாக்கைக் கொட்டிக் கிளறியதில் மூன்று உறைகள் கிடைத்தன. ஒன்றில் பெரியப்பாவின் கையெழுத்தில் "கரூர், ஆற்றங்கரை, 12 ரூபாய்" என்று இருக்கிறது. எந்தக் காசு அதிலிருந்து வந்தது என்று சொல்ல அவர் இல்லை.